நிறுத்தப்பட்ட ப்ராஜெக்டில் வேலை பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த 17 வருடத்தில் முழு மனதோடு உழைத்த நான்கு ப்ராஜெக்டுகள் கோ-லைவ் ஆகாமலே, அதாவது பயன்பாட்டுக்கு வராமலே, நின்றுபோயின. கோடில் தப்பு என்று எதையும் நிறுத்தவில்லை. க்ளையன்ட் பக்கம் மேலிடம் மாறியது, பட்ஜெட்டை வெட்டினார்கள், ரெடிமேடாக ஒன்றை வாங்கிக்கொண்டார்கள், இப்படி ஏதோ ஒரு காரணம். என் டீமில் இருந்த பிள்ளைகளும் பழைய சகாக்களும் அந்தச் சமயங்களில் கேட்ட கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

சம்பளம் முழுசாக வந்தது, வேலையும் போகவில்லை. பிறகு ஏன் இவ்வளவு வலிக்கிறது?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டான் ஏரியலி, எமிர் காமெனிகா, ட்ராசென் ப்ரெலெக் மூன்று பேரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களைக் கூப்பிட்டு லெகோ பொம்மை செய்யச் சொன்னார்கள். ஒரு பொம்மைக்கு 40 துண்டுகள். முதல் பொம்மைக்கு 2 டாலர் கூலி, அடுத்தடுத்த பொம்மைக்கு 11 சென்ட் குறைந்துகொண்டே போகும். போதும் என்று தோன்றும்போது எழுந்து போகலாம். ஒரு குழுவினர் செய்த பொம்மைகளை மேசையில் வரிசையாக நிறுத்தினார்கள். இன்னொரு குழுவுக்கு, அடுத்த பொம்மையைச் செய்துகொண்டிருக்கும்போதே முந்தையதைக் கண்ணெதிரே பிரித்து, அதே துண்டுகளைத் திரும்பக் கொடுத்தார்கள். கூலியில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. ஆனாலும் முதல் குழு சராசரியாக 10.6 பொம்மை செய்தது, இரண்டாவது குழு 7.2-ல் எழுந்துவிட்டது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எழுத்துகள் நிறைந்த தாளைக் கொடுத்து, எஸ் என்ற எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வரும் இடங்களைத் தேடச் சொன்னார்கள். ஒரு குழு தாளில் பெயர் எழுதிக் கொடுக்கும். வாங்குபவர் அதை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்து ‘ம்’ என்று சொல்லி ஃபைலில் வைப்பார். இரண்டாவது குழுவின் தாளை வாங்கிப் பார்க்காமலே அடுக்கில் வைத்துவிடுவார். மூன்றாவது குழுவின் தாளை வாங்கிய கையோடு கிழிக்கும் மெஷினில் போடுவார். முதல் குழு சராசரியாக 9.03 தாள் முடித்தது. கிழிக்கப்பட்ட குழு 6.34. பார்க்காமல் வைத்த குழு 6.77. பார்க்காமல் விடுவதும் கண்ணெதிரே கிழிப்பதும் மனதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். (நேர்மை பற்றி ஏரியலி மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தரவு சரியில்லை என்று 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அது வேறு, இது வேறு.)

நின்றுபோன நான்கில் மூன்றாவது ப்ராஜெக்ட் ஓர் இன்சூரன்ஸ் க்ளையன்டுக்கான க்ளெய்ம் ஸ்கிரீன். 14 மாத வேலை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கால் வந்தது, 11 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. க்ளையன்ட் வேறொரு கம்பெனியோடு இணைகிறார்களாம், அங்கே ஏற்கெனவே ஒரு க்ளெய்ம் சிஸ்டம் இருக்கிறதாம். மறுநாள் காலை எங்கள் கோடெல்லாம் இருக்கும் ரெப்போவைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை: ஆர்க்கைவ் செய்யப்பட்டது, இனிமேல் படிக்க மட்டும்தான். எங்கள் டெஸ்டர் கல்லூரி முடித்து நேராக வந்தவர், அதுதான் அவருக்கு முதல் ப்ராஜெக்ட். ஸ்கிரீனைச் சோதிக்க 640 டெஸ்ட் கேஸ் எழுதியிருந்தார். அந்தப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அண்ணா, இதுல ஒண்ணையாவது அவங்க படிச்சுப் பார்த்தாங்களா?” என்று கேட்டார்.

அவர்கள் படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. நானே படிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். வாராவாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன்: 410, 525, 640. ப்ராஜெக்டை மூடியது யாரோ. அவருடைய உழைப்பைப் பார்க்காமல் அடுக்கில் வைத்தது நான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

ஐ.டி.யில் மட்டும்தான் இப்படியா?

கனடாவில் டொரன்டோ பக்கத்தில் மால்ட்டன் என்ற ஊரில் ஆவ்ரோ விமானக் கம்பெனி இருந்தது. ஆரோ என்ற போர் விமானத்தை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். 1957 அக்டோபர் 4-ல் முதல் விமானத்தை வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். அதே நாளில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது, உலகத்தின் கவனமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1958 மார்ச்சில் ஆரோ பறந்தது. ஐந்து விமானங்கள் பறந்து, புது எஞ்சின் பொருத்திய ஆறாவது ஏறக்குறைய தயாராக இருந்த நேரத்தில், 1959 பிப்ரவரி 20-ல் பிரதமர் டீஃபன்பேக்கர் திட்டத்தை ரத்து செய்தார். அன்று ஒரு வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே நாளில் 14,000 பேருக்கு மேல் வேலை போனது.

அதோடும் விடவில்லை. செய்து முடித்த விமானங்களைத் துண்டு துண்டாக அறுத்தார்கள், வரைபடங்களை அழித்தார்கள். ஆறாவது விமானத்தின் மூக்குப் பகுதி மட்டும் தப்பித்து இன்று ஒட்டாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலை போனதைவிட அந்த அறுப்பைத்தான் கனடாக்காரர்கள் இன்னும் மறக்காமல் பேசுகிறார்கள். லெகோ பொம்மையைக் கண்ணெதிரே பிரித்தது நினைவுக்கு வருகிறதா?

இந்தக் கதையை ஆறுதலுக்குச் சொல்பவர்கள் வழக்கமாக அடுத்து இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஆவ்ரோவில் இருந்து முப்பதுக்கும் மேற்பட்ட எஞ்சினியர்கள் நாசாவுக்குப் போனார்கள். ஜிம் சேம்பர்லின் ஜெமினி விண்கலத்தை வடிவமைப்பதில் தலைமை வகித்தார், ஓவன் மேனார்ட் நிலவில் இறங்கிய கலத்தின் வடிவமைப்பில் முக்கியமானவர். இதெல்லாம் உண்மை. ஆனால் முப்பது பேர் போக மிச்சம் 14,000 பேர் இருக்கிறார்களே! ரிவெட் அடித்தவர், ஒயர் இழுத்தவர், கேன்டீனில் சமைத்தவர் யாரும் நிலவுக்குக் கலம் அனுப்பவில்லை. அவர்களுக்கும் பொருந்தும்படி ஒரு பதில் இருந்தால்தான் அது பதில்.

“செய்த வேலை எதுவும் வீண் போகாது” என்கிறார்களே, நிஜமா?

எப்போதும் நிஜமில்லை. சில சமயம் நிஜம்.

பெல் ஆய்வுக்கூடம் 1969-ல் மல்டிக்ஸ் என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தில் இருந்து விலகியது. அதில் உழைத்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் அந்தத் திட்டம் கைவிட்டுப் போனபிறகு, அதிகம் யாரும் தொடாமல் கிடந்த பி.டி.பி-7 என்ற கம்ப்யூட்டரில் சின்னதாக ஒன்றைத் தொடங்கினார்கள். யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படிப் பிறந்ததுதான். இன்னொன்று, பலூன்களை வானில் மிதக்கவிட்டு இன்டர்நெட் தரும் லூன் திட்டம். கூகிளின் தாய்க் கம்பெனி அதை 2021 ஜனவரியில் மூடியது. பலூனுக்குப் பலூன் ஒளிக்கற்றையால் தகவல் அனுப்ப அவர்கள் கண்டுபிடித்த வழி மட்டும் தாரா என்ற திட்டத்துக்குப் போனது. காங்கோ ஆற்றின் இரு கரையில் பிராஸவில், கின்ஷாஸா என்று இரண்டு தலைநகரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. கேபிள் போட்டால் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டிய இடத்தில், தாரா 4.8 கிலோமீட்டர் ஆற்றை ஒளியாலேயே தாண்டியது.

நம் ஊரில் ஓமந்தூரார் வளாகம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் என்று கட்டி 2010 மார்ச்சில் திறந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறி எல்லாம் கோட்டைக்கே திரும்பின. 2014-ல் இருந்து அது மருத்துவமனை. சட்டமன்றத்துக்கென்று அளவெடுத்து மரவேலை பார்த்த ஒருவருக்கு இதில் நிறைவா, வருத்தமா என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

என்னுடைய நான்கில் இரண்டு அப்படியே மண்ணோடு போயின. அவற்றின் ஒரு வரிகூட எங்கேயும் ஓடவில்லை. அதை உங்களிடம் மறைத்து ‘விதை’, ‘உரம்’ என்றெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீணானதை வீண் என்று சொல்லும் உரிமை உழைத்தவருக்கு உண்டு. விழலுக்கு இறைத்த நீர் என்று நம் முன்னோர் ஒரு சொல்லை வைத்திருப்பதே அப்படி நடக்கும் என்பதால்தான்.

அப்படியானால் அர்த்தம் எங்கேதான் இருக்கிறது?

இதற்கு எனக்குத் தெரிந்த பதில் அப்பாவிடம் பார்த்தது.

அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். எங்கள் ஊர் போர் வண்டிகள் போகாத மாநிலம் குறைவு. நீரோட்டம் பார்ப்பவர் ஓர் இடத்தைக் காட்டுவார், வண்டி போய் அங்கே நிற்கும். கூலி அடிக்கணக்கு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ஓட்டிய அடிக்குக் காசு உண்டு. கடன் வாங்கிப் போர் போட்ட விவசாயி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளேயிருந்து வெறும் புகையாகக் கல்தூள்தான் வரும். அந்தக் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நிறுத்தப்பட்ட ப்ராஜெக்ட் என்றால் இதைவிட வேறு என்ன?

பள்ளிக்கூட லீவில் ஒரு முறை அவரோடு போயிருந்தேன். ஒரு ராடு 20 அடி. ஒவ்வொரு ராடு இறங்கியதும் அப்பா குனிந்து, குழியோரம் விழும் தூளில் ஒரு கை அள்ளி, விரித்துப்போட்ட சாக்கின்மேல் சின்னக் குவியலாக வைப்பார். அடுத்த ராடு, அடுத்த குவியல். செம்மண், சுக்கான், கறுப்புக் கல், வெள்ளைக் கல் என்று நிறம் மாறிக்கொண்டே போகும். இரண்டு விரலால் நசுக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். 41 ராடு இறங்கி 820 அடியில் நிறுத்தினார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா அந்தச் சாக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த நோட்டில் எந்த அடியில் எந்தக் கல், எங்கே இடுக்கு, எங்கே லேசாக ஈரம் என்று எழுதினார். அந்த விவசாயியையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, குவியல் குவியலாகக் காட்டி விளக்கினார். அந்தப் பெரியவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு அப்பா செய்தது, குழியை மூடியது. அந்தத் தூளையும் கல்லையும் மண்ணையும் போட்டு நிரப்பிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் வழிகாட்டு நெறி சொன்னது. அப்பா மூடியது அதற்கெல்லாம் பல வருடம் முன்னால்.

தண்ணீர் வருவது அவர் கையில் இல்லை. 820 அடியையும் நேராக ஓட்டியது, கிடைத்ததைப் பார்த்தது, இன்னொருவருக்குக் காட்டியது, மூடியது எல்லாம் அவர் கையில் இருந்தன. என் வேலையில் அர்த்தம் என்று நான் தைரியமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆவ்ரோவில் ரிவெட் அடித்தவருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது, இரண்டு வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், ஓடாமல் இருப்பதை ஓட வைத்துவிடுங்கள். பாதியில் நிற்கும் பில்டோடு (கோடை ஓடும் சாஃப்ட்வேராக மாற்றுவதுதான் பில்ட்) ரெப்போ ஆர்க்கைவ் ஆகக் கூடாது. இரண்டாவதாக, அப்பாவின் நோட்டு போல ஒன்று எழுதுங்கள்: எதை முயன்றோம், எங்கே கல் இடித்தது, எந்த முடிவை ஏன் எடுத்தோம், இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவோம். நான்கைந்து பக்கம் போதும், ரெப்போவிலேயே இருக்கட்டும். அதை எழுதும்போதுதான் இத்தனை மாதத்தில் எவ்வளவு தெரிந்துகொண்டோம் என்பது உங்களுக்கே புரியும்.

அப்புறம், க்ளையன்ட் பக்கம் உங்களோடு நேரடியாக வேலை பார்த்தவர் வேறு இடத்துக்குப் போவதற்குள் உங்கள் பங்கைப் பற்றி நான்கு வரி மெயில் கேட்டு வாங்குங்கள். அப்ரைசல் நேரத்தில் ‘ப்ராஜெக்டே இல்லையே’ என்று பேச்சு வந்தால் அந்த மெயில் பேசும்.

நான் எழுதிய கோடை என் லேப்டாப்பில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாமா? எப்படியும் தூக்கிப் போடத்தானே போகிறார்கள்.

கூடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே சொந்தம். அவர்கள் பயன்படுத்தாமல் விட்டாலும் அது உங்களுடையது ஆகாது. தெரிந்த ஒரு நல்ல டெவலப்பர் பாசத்தில் இப்படி எடுத்து வைத்து, வேலையையே இழந்தார். கற்றுக்கொண்டது தலையில் இருக்கிறது, அதை யாரும் ஆர்க்கைவ் செய்ய முடியாது. வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து வேறொரு பொதுவான கணக்கை எடுத்துப் புதிதாக எழுதுங்கள். இரண்டாம் முறை இன்னும் நன்றாக வரும்.

ரெஸ்யூமில் போடலாமா?

தாராளமாக. கோ-லைவ் ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பல வருடமாக இன்டர்வியூ எடுக்கிறேன். நின்றுபோன ப்ராஜெக்டைப் பற்றி ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்பேன். எல்லாரையும் திட்டித் தீர்ப்பவரும் உண்டு. எந்த இடத்தில் என்ன சிக்கல் வந்தது, தான் என்ன முடிவெடுத்தோம் என்று பத்து நிமிடம் கண்கள் விரிய விளக்குபவரும் உண்டு. அப்படிப்பட்டவரை விட எனக்கு மனம் வருவதில்லை. க்ளையன்ட் பெயரை மட்டும் ஒப்பந்தம் பார்த்துச் சொல்லுங்கள்.

இனிமேல் அரைமனசோடு வேலை பார்த்தால் வலி குறையும்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது ப்ராஜெக்டுக்குப் பிறகு ஒரு வருடம் சொன்னதை மட்டும் செய்தேன். டிக்கெட் (ஒதுக்கிய வேலை) வந்தால் எடுப்பேன், முடிப்பேன், மூடுவேன். அந்த வருடம் பார்த்த ப்ராஜெக்ட் நிற்கவே இல்லை, நல்லபடியாக கோ-லைவ் ஆனது. எல்லாரும் கேக் வெட்டினார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த வருடத்தில் என்ன செய்தேன் என்று இன்று யோசித்தால் ஒரு விஷயம்கூட நினைவில் நிற்கவில்லை. நின்றுபோன க்ளெய்ம் ஸ்கிரீனின் ஒவ்வொரு பட்டனும் நினைவிருக்கிறது.

அடுத்த ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறேன். யாரைப் பார்த்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டியது நீங்கள் இல்லை. ஒரு வாரம் நன்றாகத் தூங்குங்கள். பிறகு அதே ப்ராஜெக்டில் இருந்த இரண்டு பேரோடு டீக்கடைக்குப் போய் அதைப் பற்றிப் பேசுங்கள். வேறு டீம்காரர்களிடம் சொல்லிப் புரியாது. கூட இருந்தவர்களுக்குத்தான் எந்த ராத்திரி எந்த பில்ட் உடைந்தது என்று தெரியும். தூக்கம், சாப்பாடு எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

நான் டீம் லீட். பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

மெயில் வருவதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் மறைக்காதீர்கள். “பெர்சனலா எடுத்துக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொந்தமாக எடுத்துக்கொண்டதால்தானே ராத்திரியெல்லாம் உட்கார்ந்தார்கள்!

நின்றுபோனதில் நான்காவது ப்ராஜெக்ட், மாதச் சந்தாவுக்கு பில் போடும் சிஸ்டம். அது நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் மீட்டிங் ரூமை இரண்டு மணி நேரத்துக்கு எடுத்தேன். டீமில் ஒன்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம். செய்ததில் எது தனக்குப் பிடித்ததோ அதைக் காட்ட வேண்டும். க்ளையன்ட் பக்கத்தில் நான் கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் வீடியோவில் வந்தார்கள். ஒரு பையன், டீமிலேயே அதிகம் பேசாதவன், ஒரே ஒரு ஃபங்ஷனை, கோடின் ஒரு சின்னப் பகுதியை, திறந்தான். ஜனவரி 31-ல் சேர்ந்தவருக்கு அடுத்த பில் பிப்ரவரி 28-ல் போகும். சாதாரணமாக எழுதினால் அதற்கடுத்தது மார்ச் 28-க்கு இறங்கிவிடும், பிறகு 31-க்குத் திரும்பவே திரும்பாது. இவன் முதலில் சேர்ந்த தேதியைத் தனியாகப் பிடித்து வைத்து, மார்ச்சில் மறுபடி 31-க்கு வரவைத்திருந்தான். லீப் வருடம்வரை 12 மாதத்தையும் திரையில் ஓட்டிக் காட்டினான். க்ளையன்ட் பக்கத்து அம்மா ஒருவர் மைக்கை ஆன் செய்து, “எங்கள் பழைய சிஸ்டத்தில் இந்தத் தப்பு ஆறு வருடமாக இருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை” என்றார். பையன் எதுவும் சொல்லவில்லை, காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்தக் கோடும் எங்கேயும் ஓடவில்லை. ஆனால் பார்த்தார்கள்.

மூன்றாவது ப்ராஜெக்டில் இருந்த டெஸ்டருக்கும் இது நடந்தபிறகு ஃபோன் செய்தேன். அவர் இப்போது வேறு கம்பெனியில் லீடாக இருக்கிறார். 640-ஐயும் நான் படித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “212-வது கேஸ் மட்டும் ரொம்ப நல்லா எழுதியிருப்பேண்ணா” என்றார்.

வீட்டில் “நீ செய்ததை எங்கே பார்க்கலாம்” என்று கேட்டால் என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

அந்தப் பில்லிங் ப்ராஜெக்ட் முடிந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், ரிக் சத்தத்தில் போனது. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன்: பத்து மாத வேலை, ஒன்பது பேர், தண்ணீர் வரவில்லை, நிறுத்திவிட்டார்கள். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“காசு குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்கப்பா.”

“குழிய மூடிட்டு வந்தயா கண்ணு?”

“மூடிட்டு வந்தனுங்கப்பா” என்றேன்.